புதுக் காரை மலைக்குக் கொண்டுவருவது: எங்கே கையேற்பது, எந்த வீதியில் ஏற்றுவது

தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறந்த பிறகு, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் முதன்முறையாகப் புதுக் கார் எடுப்போர் பலர். எந்தக் கார், எந்த லீசிங் என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, அதை எங்கே கையேற்று எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதைக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு அது அரைமணி நேர விஷயம். மலையகத்துக்கு வரும் கார் ஓடோமீற்றரில் இருநூறு கிலோமீற்றர் காட்டுவதற்குள் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியா வரை ஏறியாக வேண்டும். எஞ்சினும் கியரும் பிரேக்கும் பதப்படாத நாளில் இந்த வேலை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தூரத்தையும் எண்ணெய்ச் செலவையும் விட முக்கியம், முதல் 50 கிலோமீற்றர் எப்படிப்பட்டது என்பது. புது வண்டியின் பிழைகளில் பெரும்பாலானவை, அதாவது தளர்ந்த கிளிப், கசியும் ஹோஸ், ஒரு பக்கம் இழுக்கும் ஸ்டியரிங், செத்துக்கொண்டிருக்கும் பற்றரி, எச்சரிக்கை விளக்கு எல்லாம், முதல் ஒரு மணி நேரத்திலேயே தலைகாட்டிவிடும். அந்த ஒரு மணி நேரம் சமதரையில், பகலில், விற்றவரிடம் திரும்பிப் போகக்கூடிய தூரத்தில் கழிய வேண்டும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறோம்.

கையேற்கும் இடம்

கொழும்பு முகவரின் யார்ட்டில் எடுப்பதே பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் வழி. பெரிய வேர்க்‌ஷொப் பக்கத்திலேயே இருக்கும், உதிரிப்பாகம் இருக்கும், பிழை கண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு வரலாம். குறை, நகர நெரிசல். புதுக் காரின் அகலம் கைக்குப் பழகுவதற்குள் மஹரகமவிலோ கடுவெலயிலோ முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். பம்பரில் முதல் கீறல் விழுவது மலையில் அல்ல, இங்கேதான். ஞாயிறு அல்லது போயா நாளில் எடுத்தால் நெரிசல் குறையும், ஆனால் வேர்க்‌ஷொப் மூடியிருக்கும். ஆகவே வார நாளில், காலை எட்டரை ஒன்பதுக்கு யார்ட்டில் நிற்பதே சரி.

உள்நாட்டில் பொருத்தப்படும் மாதிரி என்றால் ஆலையிலேயே எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். குளியாப்பிட்டி, பொல்கஹவெல பக்கத்து ஆலைகள் மலையகத்தாருக்கு ஒரு வகையில் வசதி, கொழும்பைத் தொடவே தேவையில்லை. பொல்கஹவெலயிலிருந்து கேகாலைக்கு ஏ19 வீதி நேரே போகிறது. குளியாப்பிட்டியிலிருந்து குருநாகல் வந்து கலகெதர வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கலாம். நெரிசல் இல்லாத, ஏற்றம் குறைந்த நாட்டுப்புற வீதிகள். புது எஞ்சினுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைப்பது கடினம். ஆனால் ஆலையில் இருப்பவர்கள் பொருத்துபவர்கள். கையளிக்கும் முன் செய்யும் சோதனை, பதிவு, காப்புறுதி எல்லாம் விற்பனைப் பிரிவின் வேலை. அந்தச் சோதனை அறிக்கை ஆலைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை முன்தினமே தொலைபேசியில் உறுதிப்படுத்தாமல் பஸ் ஏறக் கூடாது.

வாகனக் கப்பல்கள் பெரும்பாலும் வந்து இறக்குவது ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில். ஊவாக்காரர்கள் சிலர், வண்டி அங்கேதானே நிற்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோய் மறுபடி ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஹம்பாந்தோட்டையிலிருந்து தனமல்வில வழியாக வெல்லவாய வரை கிட்டத்தட்ட எண்பது கிலோமீற்றர் சமதரை, அதன் பிறகு எல்லவுக்கோ பெரகலைக்கோ ஏற்றம். தரையாகப் பார்த்தால் அருமையான வழி. ஆனால் துறைமுகத்திலிருந்து வெளியேறும் கார் கப்பலில் வந்த நிலையிலேயே இருக்கும். டயரில் கூடுதல் காற்று, சில மாதிரிகளில் கப்பல் பயணத்துக்காகக் கழற்றிவைத்து இன்னும் திரும்ப மாட்டாத ஃபியூஸ், மெழுகு பூசிய கண்ணாடி, மாதக்கணக்கில் நின்ற பற்றரி. முகவர் அங்கேயே முழுச் சோதனை செய்து, பதிவும் முடித்துக் கொடுப்பதாக எழுத்தில் தந்தால் மட்டும் இதை எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கண்டிக் கிளையில் கையேற்பது நான்காவது வழி. கடுகண்ணாவை ஏற்றத்தை வேறொருவர் ஏற்றிக் கொடுத்திருப்பார், உங்களுக்கு மிச்சம் கம்பளை, புசல்லாவை மட்டும். பலருக்குக் கவர்ச்சியாகத் தெரிவது இதுதான். ஆனால் யார், எப்படி ஓட்டிவந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவசரத்தில் முழு வேகத்தில் ஏற்றிய காரும் யார்ட்டில் மினுங்கிக்கொண்டுதான் நிற்கும். கிளை கெரியரில், அதாவது கார் ஏற்றும் லொறியில், ஏற்றிக் கொண்டுவருகிறதா, ஓட்டிக் கொண்டுவருகிறதா என்று கேளுங்கள். கெரியர் என்றால் கண்டி நல்ல தெரிவு. ஓட்டிவருகிறார்கள் என்றால் அந்த 115 கிலோமீற்றரை நீங்களே ஓட்டுவது மேல். இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல முகவர்கள் முதல் சேர்விசை 1,000 கிலோமீற்றரிலோ ஒரு மாதத்திலோ கேட்பார்கள். அதற்குக் கொழும்பு போகாமல் கண்டியே போதும் என்றால், கண்டிக் கிளையில் வாங்கியதன் பலன் அன்றுதான் தெரியும்.

யார்ட்டில் செலவிட வேண்டிய இரண்டு மணி நேரம்

சாவியைக் கையில் தந்து, மாலை போட்டு, படம் எடுத்து, அரைமணியில் அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். மலைக்குப் போகும் கார் என்பதைச் சொல்லி, நேரம் வேண்டும் என்று அன்பாகவே உறுதியாக நில்லுங்கள்.

முதலில் கடதாசி. செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் விலைச்சீட்டிலும் பதிவுப் பத்திரத்திலும் காப்புறுதியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பதிவு இலக்கம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் இல்லாமல் வீதிக்கு எடுக்க வேண்டாம். இலக்கத் தகடு தாமதமாகிறது என்று சொல்லி, விற்பவர் தன் தொழில் தகட்டை மாட்டித் தரலாம் என்பார். அது அவருடைய தொழில் தேவைக்கானது. வழியில் விபத்து நடந்தால் காப்புறுதி ஏற்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். பதில் இழுபட்டால் அன்று காரை எடுக்காதீர்கள்.

அடுத்தது டயர். கப்பலில் நீண்ட நாள் நிற்கும்போது தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூட்டியே அனுப்புவார்கள். சோதனையில் இதைக் குறைக்க மறந்துவிடுவதும் நடக்கிறது. 40 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் டயர் ஈரமான கொண்டை ஊசி வளைவில் வழுக்கும், பிரேக் தூரமும் கூடும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அதே அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். மலைக்குப் போனால் காற்று கூடுமா குறையுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடும். கொழும்பின் 31 பாகையில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர், நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் ஏறத்தாழ 2.5 பிஎஸ்ஐ இழக்கும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் மீற்றரில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடித் தெரியும். ஆகவே கொழும்பில் சரியாக வைத்தால் போதும், வழியில் குறைக்கவும் கூட்டவும் தேவையில்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. நான்கு டயரிலும் அது அருகருகே இருக்க வேண்டும்.

பற்றரியை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. யார்ட்டில் எப்படியோ ஸ்டார்ட் ஆகும், நானுஓயாக் குளிரில் அடுத்த நாள் காலை ஆகாது. 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஹைபிரிட் காரிலும் இந்தச் சிறிய பற்றரி செத்தால் வண்டி எழும்பாது.

பிறகு சக்கர நட்டு. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் உங்கள் முன்னாலேயே இறுக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிய, நடுத்தர ஜப்பான் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 103 நியூட்டன் மீற்றர் வரை இருக்கும், உங்கள் காருக்குரிய எண் கையேட்டில் உண்டு. ஸ்பெயார் சக்கரம் இருக்கிறதா, இல்லை பசையும் பம்ப்பும் மட்டும்தானா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். வெறும் பசை என்றால், பக்கச் சுவர் கிழிந்த டயரை அது காப்பாற்றாது. தோட்டத்து வீதிகளில் கிழிவது பெரும்பாலும் பக்கச் சுவர்தான்.

பலர் தவறவிடும் ஒன்று, முன் கண்ணாடியின் உட்பக்கம். புதுக் காரின் பிளாஸ்டிக்கும் இருக்கைத் துணியும் வெயிலில் விடும் ஆவி, கண்ணாடியின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். கொழும்பு வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. மலையில் மூடுபனிக்குள் எதிரே பஸ் விளக்கு அடித்த உடனே கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ஏசியைப் போட்டாலும் போகாது, ஏனென்றால் அது ஈரம் அல்ல, எண்ணெய். கண்ணாடித் திரவமும் சுத்தமான துணியும் வாங்கி உட்பக்கத்தை இரண்டு தடவை துடையுங்கள். வெளிப்பக்கம் மெழுகு இருந்தால் வைப்பர் கோடு கோடாக இழுக்கும், அதையும் அங்கேயே கழுவச் சொல்லுங்கள்.

கடைசியாக, எரிபொருள் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு எரியும் அளவுக்குத்தான் இருக்கும். யார்ட்டிலிருந்து மிக அருகில் உள்ள ஷெட் எது என்று கேட்டு, அங்கே தாங்கியில் பாதிக்கு மேல் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

மூன்று வீதிகள்

கொழும்பிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவுக்கு இரண்டு பெரிய வழிகள். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியான ஏ7 ஒன்று. கண்டி வீதியில் பேராதனை வரை போய், அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியான ஏ5 மற்றது. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைக்காரர்களுக்கு இரத்தினபுரி, பலாங்கொடை வழியான ஏ4.

புதுக் காருக்கு ஏ7 ஒரு படி மேல் என்பது எங்கள் முடிவு. காரணம் தூரம் அல்ல, ஏற்றத்தின் அமைப்பு. அவிசாவளையிலிருந்து கரவனல்லை, எட்டியாந்தோட்டை தாண்டிக் கித்துல்கலை வரை வீதி களனி கங்கையின் ஓரமாகவே போகிறது. கொழும்பிலிருந்து கணக்கிட்டால் எண்பது கிலோமீற்றருக்கும் மேலாகச் சமதரையும் மெல்லிய மேடுபள்ளமும்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகி, பிரேக் கொஞ்சம் பதப்பட்ட பிறகுதான் முதல் உண்மையான ஏற்றம் வருகிறது. அதுவும் ஒரே மூச்சாக இல்லை. கினிகத்தேனை வரை ஒரு படி, வட்டவளை தாண்டி ஹட்டன் வரை இன்னொன்று, கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி, மறுபடி லிந்துலை, நானுஓயா என்று கடைசிப் படி. ஒவ்வொரு படிக்கும் இடையில் எஞ்சின் மூச்சு வாங்குகிறது. பிழை ஏதும் வந்தால் அவிசாவளையிலேயே தெரிந்துவிடும், அங்கிருந்து கொழும்புக்குத் திரும்ப ஐம்பது கிலோமீற்றர் சொச்சம்தான்.

ஏ7இன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. கித்துல்கலைக்கும் கினிகத்தேனைக்கும் இடையே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்ணும் கல்லும் சரிந்து வீதி மூடப்படுவது வழக்கம். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம், வார இறுதியில் ஹட்டன் வரை பஸ் வரிசை நிற்கும். வீதியின் நடுப்பகுதியில் பெரிய வேர்க்‌ஷொப் இல்லை. எட்டியாந்தோட்டை தாண்டிவிட்டால் அடுத்த உதவி ஹட்டனில்தான்.

கண்டி வழி உதவிக்கு நல்லது. நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை என்று வழிநெடுக ஊர்கள், முகவர்களின் வேர்க்‌ஷொப்பும் கண்டியில் இருக்கும். இரவு கண்டியில் தங்கி, குளிர்ந்த எஞ்சினோடு காலையில் மலையேறலாம். இரண்டு நாளாகப் பிரிக்க முடிகிறவருக்கு இதுவே சிறந்தது. ஒரே நாளில் ஏறுவதென்றால் எதிர்மறை. கொழும்பு நெரிசலையும் கண்டி நெரிசலையும் தாண்டி, களைத்த கையோடு, மாலை மூடுபனிக்குள் இறம்பொடை வளைவுகளுக்கு வந்து சேருவீர்கள். சுரங்கவழியைத் தாண்டி லபுக்கலை வரை அடுக்கடுக்காக வளைவுகள், இளைப்பாற இடமில்லாத ஏற்றம். இந்த வீதியின் கரண்டியெல்லப் பகுதியில் 2025 மே 11 அன்று பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். களைப்போடு அங்கே போக வேண்டாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏ4 ஊவாக்காரர்களுக்கு இயல்பான வழி. பலாங்கொடை வரை மெல்ல உயர்ந்து, பெலிஹுல்ஓயா தாண்டி ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை வரை உண்மையான ஏற்றம். அந்த இடத்தில் வீதி அகலமாகவே இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் களு கங்கை பெருகினால் இரத்தினபுரி நகரமே தண்ணீருக்குள் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏ23 ஹம்பாந்தோட்டை வழியில் வருபவர்களுக்கு நெருக்கம். ஆனால் 27 கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 850 மீற்றர் உயரம் ஏற வேண்டிய குறுகலான வீதி அது. 2025 செப்டெம்பரில் 15 பேரைப் பலிகொண்ட பஸ் விபத்து நடந்ததும் அங்கேதான். புதுக் காரோடு வருபவர் வெல்லவாயவிலிருந்து கொஸ்லாந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறுவது நிதானமானது. தனமல்வில பக்கத்தைப் பொழுது சாயுமுன் கடந்துவிடுங்கள், இருட்டினால் யானை வீதிக்கு வரும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலுக்குப் பிறகு மலைவீதிகளின் நிலை நிலையாக இல்லை. ஒருவழிப் போக்குவரத்து, தற்காலிகப் பாலம், மண்மூட்டை வைத்த ஓரம் எல்லாம் இன்ன இடத்தில் என்று எழுதிவைத்தால் அடுத்த மழையில் மாறிவிடும். புறப்படும் அன்று காலை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நீங்கள் போகும் பிரதேசச் செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள் அல்லது சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், கார் இன்னொரு வாரம் யார்ட்டில் நிற்கட்டும்.

ஏற்றத்தில் புது எஞ்சின்

முதல் 1,000 கிலோமீற்றருக்கு டொயோட்டா கையேடுகள் சொல்வது இது: மிக வேகமாக ஓட்டாதே, திடீரென்று அழுத்தாதே, தாழ்ந்த கியரிலேயே தொடர்ந்து ஓட்டாதே, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே. முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீர் பிரேக் கூடாது. மற்ற நிறுவனங்களின் அறிவுரையும் இதை ஒட்டியதுதான். இதை மலையகப் பயணத்தோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் புரியும். அதிவேகப் பாதையில் ஏறினால் ஒரே வேகம், மலையில் ஏறினால் தாழ்ந்த கியர். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிர்க்கும் வழி, பல வேகங்களைக் கேட்கும் சாதாரண வீதி. அதுதான் ஏ7உம் ஏ4உம். அதிவேகப் பாதையில் போயே ஆக வேண்டுமென்றால் 70க்கும் 90க்கும் இடையே வேகத்தை மாற்றி மாற்றிப் போங்கள்.

பிரேக்கைப் பதப்படுத்த அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடையே நல்ல இடம். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 60இலிருந்து 20க்கு மிதமான அழுத்தத்தில் குறையுங்கள். ஒரு கிலோமீற்றர் அளவு ஓடவிட்டு மறுபடி செய்யுங்கள். எட்டுப் பத்துத் தடவை போதும். முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது. சூடான பேட் டிஸ்கில் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் விடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். வீட்டுக்கு வரும்வரை ஏற்றம்தானே, பிரேக்குக்கு என்ன வேலை என்று விட்டால், அடுத்த நாள் முதல் இறக்கத்தில் பதப்படாத பேட்டோடு போவீர்கள்.

ஏற்றத்தில் இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ பத்திலொரு பங்கு வலுவை இழக்கும். நுவரெலியாவில் 660 சீசீ கார் கொழும்பில் ஓடியதுபோல் ஓடாது. அது பிழை அல்ல. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் இன்னும் திணறும். ஆகவே முதல் பயணத்தில் இரண்டு பேர் போதும், மற்றவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ வரட்டும். சீவீடீ (CVT) எனும் படியில்லாத தானியங்கிக் கியர் உள்ள காரில் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடி, வேகம் கூடாதது போலத் தோன்றும். பயந்து பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, வருகிற வேகத்தில் ஏறவிடுங்கள். கைக்கியர் என்றால் வளைவுக்குள் நுழையுமுன்னே இரண்டுக்கு இறக்குங்கள், வளைவின் நடுவில் கிளச்சில் கால் வைத்தால் வண்டி பின்னால் உருளும்.

முதல் ஏற்றத்தில் வரும் மணத்தைப் பிரித்தறிவது நல்லது. சூடான வண்ணமும் எண்ணெயும் கருகும் மணம் புகைக்குழாய்ப் பூச்சிலிருந்து வருவது, சில ஏற்றங்களில் தானே போய்விடும். கருகிய கடதாசி மணம் கிளச் அல்லது பிரேக். கைப்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிப்பான, சீனிப்பாகு போன்ற மணம் கூலன்ட். இது வந்தால் வெப்பமானி ஏறாவிட்டாலும் நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள், முகவரை அழையுங்கள்.

கெரியரில் ஏற்றினால்

பதிவு, தகடு இழுபடும்போது, ஓட்டுபவருக்கு மலைவீதி பழக்கமில்லாதபோது, விடாத மழைக்காலத்தில் கெரியர் நியாயமான தெரிவு. தாழ்ந்த கார் என்றால் ஏற்றும் பலகையில் முன் பம்பர் உரசுமா என்று முன்பே பார்க்க வேண்டும். பட்டியைச் சக்கரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். சஸ்பென்ஷன் ஆர்மில் கட்டி இழுத்தால் வளைவுக்கு வளைவு சஸ்பென்ஷன் அசைந்து பட்டி தளரும். ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், இறக்கியதும் அதே நான்கும். வழியில் சேதம் வந்தால் உங்கள் காப்புறுதியா, கெரியர்காரரின் காப்புறுதியா என்பதைக் காசு கொடுக்குமுன் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தை வீதியில் உருட்டிக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நான்கு சக்கரமும் இயங்கும் காருக்கு அது கியரையே அழிக்கும். சம்மதிக்காதீர்கள்.

பெரிய கெரியர் தோட்டத்து வீதிக்குள் வராது. ஹட்டன் நகரிலோ தலவாக்கலையிலோ இறக்கிவிடும், மிச்சத்தை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். அதாவது காரின் முதல் ஐந்து கிலோமீற்றரே மிகக் குறுகலான, மிகச் செங்குத்தான ஐந்து கிலோமீற்றராக இருக்கும். எங்கள் அளவுகோலில் கெரியர் பின்தங்குவது இதனால்தான்.

மின்சாரக் கார் என்றால்

கணக்கு கொஞ்சம் வேறு. ஆட்களோடு 1,750 கிலோ எடையுள்ள காரை 1,868 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 9 கிலோவோட் மணி வேண்டும், இழப்பையும் சேர்த்தால் 10. கொழும்பிலிருந்து 165 கிலோமீற்றருக்கு வழக்கமான செலவு 25 அளவு. மொத்தம் 35. அறுபது கிலோவோட் மணிப் பற்றரி உள்ள கார் 90 சதவீதத்தோடு புறப்பட்டால் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட மிச்சத்தோடு வந்து சேரும். நாற்பதுக்கும் குறைந்த பற்றரி என்றால் அவிசாவளைக்கு முன்னோ இரத்தினபுரியிலோ ஒரு தடவை ஏற்றாமல் மலையைத் தொட வேண்டாம். யார்ட்டில் சார்ஜிங் கேபிள் டிக்கியில் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வீட்டில் இரவு நூறு சதவீதம் நிரப்பிவிட்டுக் காலையில் கீழே இறங்காதீர்கள். நிறைந்த பற்றரி, இறக்கத்தில் மோட்டர் திருப்பி உண்டாக்கும் மீட்பு மின்சாரத்தை ஏற்காது, எஞ்சின் பிரேக் போன்ற அந்த இழுப்பு கிடைக்காது, முழுச் சுமையும் பெடலுக்கே வரும். எண்பதில் நிறுத்துங்கள்.

மறுநாள் காலை

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். முதல் பெரிய சூட்டுக்குப் பிறகு உள்ளே தங்கிய காற்று வெளியேறி மட்டம் சற்றுத் தாழ்வது உண்டு. கோட்டுக்குக் கீழே போயிருந்தால் முகவரிடம் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் அல்லது கறுப்பு என்றால் படம் எடுத்து அனுப்புங்கள். சக்கர நட்டை இன்னொரு தடவை அதே அளவுக்கு இறுக்குங்கள்.

முதல் இறக்கத்தை வீட்டருகில் குறுகிய ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஹைபிரிட் காரில் B நிலை, சீவீடீயில் L நிலை, கைக்கியரில் ஏறிய அதே கியர். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியால் இறங்குவதை இந்த மாதத்துக்கு விட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் இறந்த இறக்கம் அது. லிந்துலை வழியான பிரதான வீதி சில நிமிடம்தான் கூடுதல். ஓடோமீற்றர் 800ஐத் தொடும்போதே முதல் சேர்விசுக்கு நாள் கேட்டுவிடுங்கள். வேர்க்‌ஷொப்புக்குப் போய்ச் சேருவதற்கே இங்கிருந்து நூறு, இருநூறு கிலோமீற்றர் ஆகும்.